உஷார்! பழைய சொகுசு காரின் முன்பக்கம் 'டக்' என்கிறதா?

பத்து, பதினைந்து வருடம் ஆன பி.எம்.டபிள்யூ., ஆடி, மெர்சிடிஸ் கார்களை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக்' என்கிறதா? எண்பதில் போய் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் வண்டி ஆபத்தை நெருங்குகிறது. அடுத்த சர்வீஸோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இப்படிப்பட்ட வண்டிகள் நம் பக்கம் குறைவாக இல்லை. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை 2007 மார்ச்சில் திறக்கப்பட்டது. 3 சீரிஸும் 5 சீரிஸும் இங்கேயே கோக்கப்பட்டு வெளிவந்தன. அந்த முதல் வருட வண்டிகளுக்கு 2022-லேயே பதினைந்து வயது முடிந்துவிட்டது. முதல் சொந்தக்காரர் எப்போதோ விற்றுவிட்டார். இன்று ஒரு புது சின்னக் காரின் விலைக்கும் குறைவாக அவை கை மாறுகின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருப்பவர், பாடி பக்கம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், ஐ.டி.யில் இருக்கும் பையன் என்று பலரும் ஆசையாக வாங்குகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் வண்டியின் விலைதான் விழுந்திருக்கிறது, அதன் ஸ்பேர் விலை விழவில்லை. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

சாதாரண சின்னக் காரில் முன்சக்கரத்துக்கு ஒரு லோயர் ஆர்ம், ஒரு பால் ஜாயிண்ட், இரண்டு புஷ், ஒரு டை ராட் எண்ட். கதை முடிந்தது. 2007-ல் இங்கே கோத்த 3 சீரிஸில் ஒரு பக்கத்துக்கு இரண்டு அலுமினிய ஆர்ம்கள். அதில் ஒன்றின் புஷ்ஷுக்குள் அதிர்வை அடக்க எண்ணெய் அடைத்திருப்பார்கள். ரப்பர் கிழிந்து எண்ணெய் ஒழுகிவிட்டால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் ஆடும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து டிஸ்க்கை மாற்றுவார்கள், ஆட்டம் நிற்காது. அந்தக் காலத்து ஆடி ஏ4-ல் ஒரு பக்கத்துக்கு நான்கு ஆர்ம், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு மூட்டு. ஒரு மூட்டு தளர்ந்தால் அதன் ஆட்டத்தை மற்ற மூட்டுகள் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சத்தம் பல மாதம் சின்னதாகவே இருக்கும். ஓட்டுகிறவர் பழகிப்போவார்.

சி.டி.எச். ரோட்டில் பாடியிலிருந்து திருநின்றவூர் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒட்டுப்போட்ட தார், ரோட்டு மட்டத்துக்குக் கீழே இறங்கிய மேன்ஹோல் மூடி, பெயிண்ட் அடிக்காத வேகத்தடை. போரூர் - பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலைக்காக வருடக்கணக்கில் தடுப்பு வைத்துத் தோண்டினார்கள். பல பி.எம்.டபிள்யூ.க்களில் ரன்ஃபிளாட் டயர். அதன் பக்கச்சுவர் கெட்டியாக இருப்பதால் பள்ளத்தின் அடி நேராக ஆர்முக்கும் புஷ்ஷுக்கும் போகும். போதாக்குறைக்கு வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி பக்கம் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பால் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும். சேறும் தண்ணீரும் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். அதற்குப் பிறகு இரும்போடு இரும்பு உரசும்.

தேய்ந்த பால் ஜாயிண்ட் ஒருநாள் கிண்ணத்தைவிட்டுக் கழன்று வரும். சக்கரத்தின் அடிப்பாகத்துக்குப் பிடிமானம் போய்விடும், சக்கரம் மடங்கி ஃபெண்டருக்குள் சிக்கும். பிரேக் ஹோஸும் அறுந்தால் பெடல் கீழே போய்விடும். இதைக் கற்பனை என்று தள்ள வேண்டாம். உழைப்புக்குப் பேர்போன டொயோட்டாவே 2005-ல் அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட டக்கோமா, டண்ட்ரா போன்ற வண்டிகளை முன்பக்க பால் ஜாயிண்ட் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. நம் பக்கத்தில் எனக்கு உள்ள பெரிய பயம் வண்டலூர் - மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு. வாரம் முழுக்க சி.டி.எச். பள்ளத்தில் இருபது, முப்பதில் அடிவாங்கிய மூட்டு, ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டையில் ஏறியதும் நூறைத் தொடுகிறது. இருபதில் கழன்றால் டோயிங் செலவோடு போகும். நூறில் கழன்றால் குடும்பமே உள்ளே இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் நடப்பது என்ன? முதலில் வீல் அலைன்மென்ட். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் மெஷினில் பச்சை காட்டும், முதல் பள்ளத்திலேயே மாறிவிடும். பிறகு புது டயர், அதுவும் சீக்கிரமே உள்பக்கம் தேயும். அதற்குப் பிறகு வருவதுதான் கொடுமை: லேத்தில் கொடுத்து பால் ஜாயிண்டை 'ரீகண்டிஷன்' செய்வது, விரிசல் விட்ட ஆர்முக்கு வெல்டு வைப்பது. அலுமினிய ஆர்முக்குச் சூடு காட்டினாலே அதன் பலம் போய்விடும். வளைந்ததை நிமிர்த்தவும் கூடாது. இந்த வேலைகளில் எதை யார் செய்து தருகிறேன் என்றாலும், எத்தனை வருட அனுபவம் சொன்னாலும், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். புதுப்பேட்டையில் வண்டி உடைத்துக் கழற்றிய ஆர்ம் சல்லிசாகக் கிடைக்கும். கண்ணாடிக்கும் கதவுக்கும் புதுப்பேட்டை போகலாம், பால் ஜாயிண்டுக்குப் போகக் கூடாது. உங்களுடையதைப் போலவே அதுவும் பதினைந்து வருடம் ஓடியதுதான். கம்பெனி டப்பா விலை கட்டுப்படியாகவில்லை என்றால், இந்தக் கார் கம்பெனிகளுக்கே ஆர்ம் செய்து கொடுக்கும் லெம்ஃபோர்டர் மாதிரியான பிராண்டை பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் பாதி விலைக்கு வருவது டூப்ளிகேட்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பார்ட் போட்டும் ஆறு மாதத்தில் போய்விட்டது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம், டைட் வைத்த விதம். வண்டி லிஃப்டில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டைக் கடைசி டைட் வைத்துவிடுகிறார்கள். இறக்கியதும் ஆர்ம் மேலே போகும், ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் வண்டியின் எடை இறங்கிய உயரத்தில்தான் கடைசி டைட், அதுவும் டார்க் ரென்ச் வைத்து. நட்டும் புதிதாக இருக்க வேண்டும். இதை மெக்கானிக்கிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். "அதெல்லாம் கை அளவே போதும் சார்" என்று பதில் வந்தால் அவர் இந்த வேலைக்கு ஆள் இல்லை. ஆடி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். மேல் ஆர்ம்களைப் பிடிக்கும் நீள போல்ட், சக்கரத்தைப் பிடித்திருக்கும் அலுமினிய நக்கிளுக்குள் இறுகிப்போயிருக்கும். சுத்தியலால் அடித்தே எடுக்கப் பார்த்தால் நக்கிள் உடையும். எப்படி எடுப்பார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீங்களே ஓரளவு பார்க்கலாம். வண்டி தரையில் நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டட்டும். நீங்கள் டை ராட் எண்ட் மேல் விரல் வையுங்கள். உள்ளே 'கடக்' என்று தட்டினால் அது போய்விட்டது. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்தபிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். பக்கவாட்டில் ஆடினால் டை ராட். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. கையால் ஆட்டி ஒன்றும் தெரியாததாலேயே எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புஷ்ஷின் கிழிசலை லிஃப்டில் ஏற்றி, லீவர் போட்டு நெம்பிப் பார்த்தால்தான் தெரியும். ரப்பர் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய் வழிந்த தடம், கிழிந்த பூட்டுக்குள் செம்மண் இரண்டையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மெக்கானிக் போனில் சொல்வது போதாது. மாற்றுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றி, அதன் பிறகு அலைன்மென்ட்.

செகண்ட் ஹேண்டில் இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் லிஃப்டில் ஏற்ற விடாதவரிடம் வண்டி வாங்காதீர்கள். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள் என்பதை மூட்டுகளுக்கான கேரண்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பக்க வேலை முழுவதற்கும் எஸ்டிமேட் வாங்கி, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை உங்களுக்குத் தாங்காது என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இந்த வாரமே லிஃப்டில் ஏற்றுங்கள். அதுவரை அவுட்டர் ரிங் ரோடு பக்கம் போக வேண்டாம். சக்கரம் சாய்ந்து நிற்கிறது, ஸ்டீயரிங் திடீரென்று ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அடுத்த தெரு மெக்கானிக் கடை வரைகூட ஓட்டாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.