சட்டப் புனைவு

சட்டப் புனைவு என்பது, உண்மை அல்ல என்று தெரிந்த ஒன்றை, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சட்டம் உண்மை போல எடுத்துக்கொள்வதைக் குறிக்கும். பழைய விதியின் சொற்களை மாற்றாமலேயே அதன் விளைவை மாற்ற இது உதவுகின்றது. உரோமர் காலம் முதல், சட்டம் சமூக மாற்றத்துக்கு ஈடுகொடுத்து வளர்ந்த வழிகளுள் இதுவும் ஒன்றாகும். எனினும், மாற்றத்தை வெளிப்படையாகச் செய்யாததால், அநீதியை நெடுங்காலம் மறைத்து வைக்கவும் இது பயன்பட்டுள்ளது.

சட்டப் புனைவு, சட்ட ஊகத்தில் இருந்து வேறுபட்டது. ஏழு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் இல்லாத ஒருவரை இறந்தவராகக் கொள்வது ஊகம். அவர் உயிருடன் இருப்பதை நிறுவினால் அந்த ஊகம் விலகிவிடும். புனைவு அவ்வாறு மறுக்கத்தக்கது அன்று. அது உண்மை அல்ல என்பது முன்னரே தெரிந்ததுதான்.

எளிய எடுத்துக்காட்டு

இந்தியாவில் 1956 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின்படி, தத்தெடுக்கப்பட்ட நாளில் இருந்து குழந்தை, தத்தெடுத்தவரின் குழந்தையாகவே கருதப்படும். பிறந்த குடும்பத்துடனான உறவுகள் அற்றுப்போனதாகவும் கருதப்படும். ஆனால், பிறந்த குடும்பத்தில் யாரை மணந்திருக்க முடியாதோ, அவரைத் தத்தெடுப்புக்குப் பின்னரும் மணக்க முடியாது. புனைவு எந்த நோக்கத்துக்காக ஏற்படுத்தப்பட்டதோ அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டுகின்றது. சட்டங்களில் வரும் "கருதப்படும்" என்னும் சொல் பெரும்பாலும் இத்தகைய புனைவின் அடையாளம் ஆகும்.

வரலாறு

பண்டைய உரோமில், போரில் எதிரியிடம் சிறைப்பட்ட குடிமகன் தன் உரிமைகளை இழந்தான். ஆகவே அவன் எழுதிய உயிலும் செல்லாததாக வேண்டும். இதனால் குடும்பம் பாதிக்கப்படுவதைத் தவிர்க்க, சிறையிலேயே இறந்தவன், சிறைப்பட்ட கணத்திலேயே குடிமகனாக இறந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டான். உரோமக் குடியுரிமை இல்லாத அயலாரையும், திருட்டு போன்ற வழக்குகளில், குடிமக்கள் போலப் பாவித்து உரோம நீதிபதிகள் விசாரித்தனர்.

இங்கிலாந்தில் நிலத்தின் முழு உரிமையாளர்கள் தொடுக்கும் வழக்குகள் மிகவும் சிக்கலானவையாகவும் காலம் பிடிப்பவையாகவும் இருந்தன. குத்தகைதாரருக்கு உரிய வழக்குமுறை எளிதாக இருந்தது. எனவே, உரிமையாளர் தன் நிலத்தை ஜான் டோ என்பவருக்குக் குத்தகைக்கு விட்டதாகவும், அவரை ரிச்சர்ட் ரோ என்பவர் வெளியேற்றியதாகவும் வழக்குத் தொடுக்கப்பட்டது. இவ்விருவரும் கற்பனை மனிதர்கள். ஆனால் தீர்ப்பு, நிலத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை முடிவு செய்தது. 1852 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நடைமுறையை ஒழித்து, நேரடியான வழக்குமுறையைக் கொண்டுவந்தது.

சட்டமுறை ஆள்

மனிதர் அல்லாத நிறுவனம் ஒன்றைச் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் வல்ல ஆளாகக் கொள்வது, இன்று பெருமளவில் புழங்கும் புனைவு எனலாம். இந்தியாவில் இது கோயில் தெய்வங்களுக்கும் பொருந்தும். கொல்கத்தாக் குடும்பம் ஒன்றின் குலதெய்வம் பற்றிய வழக்கில், 1925 இல் பிரிவிக் கவுன்சில் தெய்வத்தைச் சட்டமுறை ஆளாக ஏற்றது. சண்டையிட்ட உறவினர்களின் நலன் வேறு, தெய்வத்தின் நலன் வேறு என்று கொண்டு, தெய்வத்தின் சார்பில் பேச வழக்கில் தன்னலம் இல்லாத ஒருவர் தேவை என்றும் கூறியது. இதனால், காணிக்கையாக அளிக்கப்பட்ட சொத்தைப் பராமரிப்பவர் தமதாக்கிக்கொள்வதைத் தடுக்க முடிகின்றது.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பத்தூரில் 1976 இல் மண்ணுக்குள் இருந்து கிடைத்த நடராசர் செப்புத்திருமேனி, கள்ளத்தனமாக விற்கப்பட்டு இலண்டனைச் சென்றடைந்தது. அதை மீட்கும் வழக்கில், இந்தியச் சட்டப்படி ஆளாகக் கருதப்படும் பத்தூர்க் கோயில், ஆங்கிலேயச் சட்டத்தில் அத்தகைய ஆள் இல்லாதபோதும், இங்கிலாந்தில் வழக்காடலாம் என்று 1991 இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. சிலை அவ்வாண்டிலேயே இந்தியாவுக்குத் திரும்பியது.

தீய விளைவுகள்

ஆங்கிலேயச் சட்டத்தில் கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்ற புனைவு இருந்தது. நடைமுறையில் அந்த ஆள் கணவனே. மனைவி தனியாகச் சொத்து வைத்திருக்கும் உரிமை 1870, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலமே படிப்படியாகக் கிடைத்தது.

ஆசுத்திரேலியாவில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவந்தும், குடியேற்றத்தின்போது அது உரிமையாளர் அற்ற நிலம் போலவே நடத்தப்பட்டது. 1889 இல் பிரிவிக் கவுன்சிலும் நியூ சவுத் வேல்சைப் பெரும்பாலும் ஆளற்ற நிலமாகவே குறிப்பிட்டது. டோரசு நீரிணையில் உள்ள மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், 1992 சூன் 3 அன்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் இக்கருத்தை நிராகரித்து, தொல்குடிகளின் நில உரிமையை ஏற்றது. மாபோ, தீர்ப்புக்கு நான்கு மாதங்களுக்கும் சற்று அதிகமான காலத்துக்கு முன்னரே இறந்துவிட்டார்.

அறிஞர் கருத்துக்கள்

செரமி பெந்தாம் சட்டப் புனைவுகளை ஏமாற்று என்று சாடினார். என்றி மெயின் 1861 இல் வெளியான தமது நூலில் இதற்கு மறுப்புத் தெரிவித்தார். புனைவு, சமன்மை நீதி, சட்டமியற்றல் என்னும் மூன்றும் இதே வரிசையில் தோன்றி, சட்டத்தைச் சமூகத்துடன் இணக்கமாக வைத்திருந்தன என்பது அவர் கருத்து. மாற்றத்தை விரும்பாத சமூகத்தில் புனைவு தேவையான கருவியாக இருந்தது. ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று அவர் கருதினார். இருபதாம் நூற்றாண்டில் லான் புல்லர், புனைவு உண்மை அல்ல என்ற உணர்வோடு பயன்படுத்தப்படும் வரையே அது பாதுகாப்பானது என்றார். ஜான் டோவை எவரும் உண்மையான மனிதர் என்று நம்பவில்லை. ஆளற்ற நிலம் என்பதையோ பலர் நம்பினர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை இது விளக்குகின்றது.