மார்பகப் புற்றுநோயும் மரபணுப் பிழையும்

பொன்னேரியை அடுத்த ஆரணியில் நெசவாளர் சங்கமொன்றின் கணக்கைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் மார்பில் தோன்றிய கட்டியை எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தார் என்று அங்கே கேள்விப்பட்டோம். கட்டி வலிக்கவில்லை என்பது ஒரு காரணம். குடும்ப நோய் என்று பேச்செழுந்தால் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறான எண்ணங்கள். இந்நோயில் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை பிசகினால், நெய்யும் சேலைதோறும் அப்பிழை தொடர்வதை அங்கத்தினர்கள் அறிவர். உயிரணுவுக்கும் அத்தகைய அட்டை உண்டு, அதுவே மரபணு. அதிற் பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர, உயிரணு கட்டுக்கடங்காமற் பெருகுவதே புற்றுநோய். பால் நாளத்தைக் கடந்து சுற்றியுள்ள திசுவிற் பரவினால் அதனை ஊடுருவும் புற்று என்பர்.

இப்பிழைகளிற் பெரும்பாலானவை வாழ்நாளில் நேர்பவை. நோயுற்றோரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே அவை பரம்பரையாக வருகின்றன. பிழைகளைச் செப்பனிடும் பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்னும் மரபணுக்கள் முறையே 1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. இவற்றின் பழுது தாய்வழி மட்டுமன்றித் தந்தைவழியும் வரலாம். ஆகவே பெண்ணைப் பழிப்பது அறியாமை.

கட்டியிலிருந்து எடுத்த துணுக்கிற்கு மருத்துவர் சாயமேற்றிப் பார்ப்பர். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் தென்பட்டால் டமாக்சிபென் போன்ற மாத்திரைகள் பயன்படும். ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி உதவும். மூன்றும் இல்லாவிடில் மருந்தேற்றும் சிகிச்சையே முதன்மையாகும். சாயம் பார்க்காமல் நூல் வாங்குவோமா? அதுபோல இச்சோதனை முடிவைக் கேட்டறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்குவது நன்று.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் மின்சார ரயிலில் சென்ட்ரலை அடைந்தால், எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை உள்ளது. தொழிற்பேட்டையில் ஈ.எஸ்.ஐ. பதிவு பெற்ற பெண்களுக்கு அவ்வழியும் உண்டு. ஏனையோர்க்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு துணை நிற்கும்.

அந்த அம்மையார் இப்போது சிகிச்சை பெற்று வருகிறார். எட்டு மாதம் முன்னரே சென்றிருந்தால் அது எளிதாகியிருக்கும். சங்கங்கள் அடுத்த மகாசபைக் கூட்டத்தில், பெண் அங்கத்தினர்களும் வந்திருக்கையில், இதனை வாசித்துக் காட்டுமாறு வேண்டுகிறோம். கடன் தவணை தவறினால் வட்டியோடு தீர்த்துவிடலாம். இதிலே தவறிய நாளை மீட்க வழியில்லை.