நூலகம் நம் காசு

வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். ஒரு ரூபாய் வரிக்கு 10 பைசா. எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அந்தச் சட்டத்தில் ஊர் வீடு, காலனி வீடு என்ற பிரிவு இல்லை. மாடி வீட்டுக்காரரைப் போலவே அருந்ததியர் தெருவின் ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். எனவே நூலகம் நமக்கு யாரும் தரும் தர்மம் அல்ல, நம் காசு.

அந்தக் காசு நம் பிள்ளைகளிடம் திரும்பி வருகிறதா? 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் கதவு பூட்டியே கிடக்கிறது. திறந்திருக்கும் இடங்களிலும், படிக்க வேண்டியவர்கள் அந்நேரம் விசைத்தறியிலோ, ஜவ்வரிசி ஆலையிலோ, கோழிப்பண்ணையிலோ இருக்கிறார்கள். கட்டடம் ஊருக்குள் இருந்தால், காலனிப் பெண்பிள்ளை தனியாகப் போகத் தயங்குகிறாள்.

மகாத் குளம் நமக்குத் தெரியும். பொதுக் குளங்களில் எல்லோரும் நீர் எடுக்கலாம் என்று 1923-லேயே பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் மக்களோடு இறங்கி நீர் அள்ளிய பிறகே அந்த உரிமை உயிர் பெற்றது. நூலகமும் அப்படித்தான். காகிதத்தில் திறந்திருந்தால் போதாது. நாம் உள்ளே போக வேண்டும்.

கைப்பேசி வந்த பிறகு நூலகம் எதற்கு என்று கேட்கிறார்கள். ஒரே அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது படிக்க இடம் எங்கே? குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அருந்ததியருக்கான 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009-ல் வந்தது. ஆனால் நகரத்துப் பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லாத பிள்ளைக்கு ஒரு மேசை, மின்விசிறி, நாளிதழ், பழைய வினாத்தாள் இருக்கும் இடம் நூலகம் மட்டுமே.

அடுத்த கிராம சபையில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுப்போம். மாலை 5 முதல் 8 வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். போட்டித் தேர்வு நூல்களும் அம்பேத்கர், அயோத்திதாசர் நூல்களும் வேண்டும். காலனியில் ஒரு படிப்பறை வேண்டும். நம் ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம்.

ஆள் வராத நூலகத்தை மூடுவது எளிது. தினமும் இருபது பேர் கையெழுத்திடும் வருகைப் பதிவேடு இருந்தால், அதைப் பூட்ட வருபவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கையெழுத்தை நம் பிள்ளைகள் நாளைக்கே போடத் தொடங்கட்டும்.