விமானத்துக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

பழைய வீட்டை வாங்குமுன் தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பழைய விமானம் வாங்குகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும் ‘பைப்பர் ஜே-3 கப்’ விமானத்தை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கைகள், பெரும்பாலும் 65 குதிரைத்திறன் எஞ்சின். பென்சில்வேனியா மாநிலத்தின் லாக் ஹேவன் ஊரில் 1947 வரை ஏறக்குறைய 20,000 விமானங்கள் தயாராயின. எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல் இது. துணிக்குள் துரு இருந்தாலும் வெளியே தெரியாது. அதனால்தான் காகிதங்களைத் துருவ வேண்டியிருக்கிறது.

முதல் காகிதம், உரிமையாளரிடம் உள்ள லாக் புத்தகம். ஆண்டுச் சோதனை, பழுதுபார்ப்பு, பறந்த மணிநேரம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஆண்டுக்கணக்கில் வரியே இல்லாத பக்கங்களைக் கவனியுங்கள். ‘குறைவாகத்தான் பறந்தது’ என்பது பெருமையல்ல. ஓடாத எஞ்சினுக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

லாக் புத்தகம் தொலைந்துபோனதா? ஒக்லஹோமா நகரில் அரசின் விமானப் பதிவகம் இருக்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால் அந்த விமானத்தின் கோப்பு நகலாகக் கிடைக்கும். யார் யாருக்கு விற்றார், கடன் பாக்கி ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பதோடு, பெரிய பழுதுகளுக்கான ‘படிவம் 337’களும் அதில் இருக்கும்.

படிவம் ‘விபத்து’ என்று சொல்லாமல் போகலாம். கப் வால்சக்கர விமானம். தரையிறங்கும்போது பிடி தவறினால் பம்பரமாய்ச் சுழன்று இறக்கை நுனி தரையில் மோதும். ஒரே நாளில் இறக்கை நுனியும் சக்கரக் கால்களும் சரிசெய்யப்பட்டதாக எழுதியிருந்தால், நடந்ததை ஊகிக்கலாம்.

இறக்கையைத் தாங்கும் சாய்வுக் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அவற்றைச் சோதிக்க வேண்டும் என்பது அரசின் கட்டாய உத்தரவு. அது நிறைவேறியதற்கான பதிவைத் தேடுங்கள்.

அடிபட்டது குற்றமில்லை. முறையாகச் சரிசெய்து, எழுதி வைத்திருந்தால் தாராளமாக வாங்கலாம். “அடியே படாதது” என்று விற்பவர் சொல்லி, கோப்பு வேறு சொன்னால் விலகிவிடுங்கள். கோப்பு கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.