ஜீப் வண்டிக்குத் துணை விளக்கு

மலைப்பகுதியிலுள்ள நமது அங்கத்தினர் பலர், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் வண்டிகளைத் தனியாகவோ கூட்டாகவோ வைத்திருக்கிறார்கள். விளைபொருளை இரவிலேயே இறக்கி விடியற்காலைச் சந்தையில் சேர்க்க வேண்டியிருப்பதால், கூடுதலாக எல்.இ.டி. விளக்குப் பொருத்துவது குறித்து நம்மிடம் யோசனை கேட்கின்றனர். நாம் பட்ட அனுபவத்தை முதலில் கூறுவோம்.

சென்ற ஆண்டு கார்த்திகையில், 70 கொண்டை ஊசி வளைவுகளையுடைய கொல்லிமலைப் பாதையில் வாழைத்தார்களுடன் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியின் கூரைமீது 120 வாட் விளக்கொன்று இருந்தது. இதைவிடப் பிரகாசமானது வேறில்லை என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கியது. மூடுபனி கவிந்ததும் அதை எரியவிட்டோம். எதிரே வெள்ளைச் சுவர் எழுந்தாற்போலாயிற்று. பாதையின் விளிம்பே மறைந்தது. வளைவுக்குச் சில அடி முன்னால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். விளக்கை அணைத்த பின்னரே வழி தெரிந்தது.

காரணம் எளிது. உயரத்திலிருந்து பாயும் ஒளி, ஓட்டுநரின் பார்வைக்கு நேரேயுள்ள பனித்துளிகளில் பட்டு அவர் கண்ணுக்கே திரும்புகிறது. ஆதலால் மூடுபனிக்கான விளக்கு பம்பரை ஒட்டித் தாழ்வாக அமைதல் வேண்டும். அதன் ஒளி பக்கவாட்டில் அகன்று பரவி, மேல்விளிம்பு வெட்டினாற்போல் முடிதல் வேண்டும். மஞ்சள் ஒளி பலருடைய கண்ணுக்கு இதமாயிருப்பதுண்டு. ஆயினும் நிறத்தைவிட இடமும் ஒளியின் வடிவமுமே முக்கியம். நெடுந்தூரம் பாயும் குறுகிய ஒளி நேர்ச்சாலைக்கே ஏற்றது. வளைவில் அது பள்ளத்தாக்கைக் காட்டுமேயன்றிப் பாதையைக் காட்டாது.

துணியின் பளபளப்பில் நெசவாளர் மயங்குவதில்லை. இழையை எண்ணிப் பார்ப்பார். விளக்கு வாங்குவோரும் அவ்வாறே வாட் கணக்கில் மயங்கலாகாது. எல்.இ.டி. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தருவது உண்மையே; ஆனால் அதன் சூடு பின்புறம் தங்குகிறது. அச்சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் இல்லையேல் விளக்கு விரைவில் மங்கிவிடும். ஐ.பி. 67 என்னும் குறியீடு, தூசி புகாமையையும் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதையும் குறிக்கும். மழைக்கும் ஓடை கடப்பதற்கும் இது அவசியம்.

12 வோல்ட் பாட்டரியில் 120 வாட் விளக்கு 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். பழைய முன்விளக்குக் கம்பியோடு அதை முறுக்கிவிடுவது தீ விபத்துக்கு வழியாகும். தனிக் கம்பி, ரிலே, பாட்டரிக்கு அருகில் பியூஸ் ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கை 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தறிதல் நன்று. எதிர்வண்டியில் வருபவரும் நம் சங்கத்து அங்கத்தினராக இருக்கலாம். அவர் கண்ணை மறைத்து நாம் வெளிச்சம் தேடுவது கூட்டுறவாகாது.

இப்போது நமது வண்டியில் பம்பரை ஒட்டிச் சிறிய விளக்குகள் இரண்டே உள்ளன. கூரை விளக்கை, நிறுத்திய வண்டியில் இரவு வேளை பாரம் ஏற்றுவதற்கென்று ஒதுக்கிவிட்டோம். அந்த வேலைக்கு அது மிகவும் நல்ல விளக்கு.