நடுவரின் தாளில் இல்லாத கட்டம்

திருவிழாக் காலம் வந்துவிட்டால், நம் பங்குகளில் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் எவ்வளவு உறுதியோ, அவ்வளவு உறுதி இரவுப் பல்சுவை நிகழ்ச்சியும். பாட்டு, ஆட்டம், நாடகம், பலகுரல், மாறுவேடம் எனப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறுவார்கள். மேடைக்கு முன்னே ஒரு சிறு மேசை. அதன்மேல் மதிப்பெண் தாள். அதன் பின்னே மூன்று நாற்காலிகள். அந்த நாற்காலியில் அமர்வது எளிய பணி என்றே நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வேப்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடுவராக அமரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது போல, வேப்பூர் ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயமும் இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. அந்த உரிமையோடு, அன்று ஒரு மாணவர் குழு முனிவரின் பரமார்த்த குரு கதையை நாடகமாக்கி வந்திருந்தது. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கும் சீடர்களைக் கண்டு கூட்டம் நன்றாகவே சிரித்தது. வாடகைக்கு எடுத்த உடைகள், மனப்பாடமான வசனம், பிசகில்லாத உச்சரிப்பு என எல்லாம் ஒழுங்காக அமைந்திருந்தன.

அடுத்து வந்தவர்கள் ஏறக்குறையப் பன்னிரண்டு வயதுச் சிறுவர் இருவர். வேட்டியும் தோளில் ஒரு துண்டுமே அவர்கள் வேடம். சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கைகளை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா? அதைத்தான் நடித்தார்கள். ஒரு சொல்லும் இல்லை. துண்டு அசைந்தது, ஒருவன் முகம் சுருங்கியது, மற்றவன் புருவம் உயர்ந்தது, கண்ணுக்குத் தெரியாத ஆடு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. ஆறு நிமிடம்! பெரியவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

நம் கையிலிருந்த தாளில் கட்டங்கள் ஐந்து; ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். சிறுவர்களுக்குப் பாவனையில் 10, மேடை ஒழுங்கில் 9, நேரத்தில் 9, ஒப்பனையில் 3 இட்டோம். எஞ்சியது வசன உச்சரிப்பு. அவர்கள் பேசவே இல்லையே! சற்றுத் தயங்கி, 0 என்று எழுதினோம். மொத்தம் 31. நாடகக் குழுவுக்கு 37. மற்ற இரு நடுவர்களின் கணக்கும் அவ்வாறே அமைந்தது. முதற்பரிசு நாடகத்துக்குச் சென்றது.

கூட்டம் கலைந்தபின் சிறுவர்களுள் ஒருவனின் தந்தை நம்மிடம் வந்தார். ஆட்டு வியாபாரி. கோபம் இல்லை, குரலில் ஒரு வியப்புத்தான் இருந்தது. “ஐயா, எங்க தொழிலே வாயத் தொறக்காம செய்யறதுதானுங்க. பேசலன்னு சைபர் போட்டுட்டீங்களே!” என்றார். நம்மிடம் விடை இல்லை. வீடு திரும்பியதும், உச்சரிப்புக் கட்டத்தை நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தோம். நாடகத்துக்கு 29, சிறுவர்களுக்கு அதே 31. அன்று தீர்ப்பளித்தவர் நாமல்ல; யாரோ எப்போதோ அச்சடித்து வைத்த தாள்!

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1880-களிலிருந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் ‘வாட்வில்’ எனும் பல்சுவை அரங்குகள் ஊர்தோறும் செழித்திருந்தன. அவற்றுள் கீத் என்பவரின் அரங்குகளில், வாரந்தோறும் திங்கட்கிழமை முதற்காட்சியைக் கண்டு, ஒவ்வொரு கலைஞரைப் பற்றியும் மேலாளர் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்புவார். எத்தனை நிமிடம் நடந்தது, கூட்டம் எப்படி ஏற்றது, எதை வெட்ட வேண்டும் என்பன அதில் இருக்கும். அந்த ஏடுகள் அயோவா பல்கலைக்கழகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. மேலாளர் எழுதிய ஓரிரு வரிகளில் ஒரு கலைஞரின் பிழைப்பு அடங்கியிருந்தது.

அப்படியானால் தீர்ப்பைக் கூட்டத்திடமே விட்டுவிடலாமா? நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி அப்படித்தான் நடந்தது. பிடித்தால் ஆரவாரம், பிடிக்காவிட்டால் கூச்சலிட்டே இறக்கிவிடுவார்கள். 1934 நவம்பர் 21 அன்று எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் எனும் பதினேழு வயதுப் பெண் அங்கே ஆட வந்தாள். தனக்கு முன் ஆடிய சகோதரிகளின் திறமையைக் கண்டு அஞ்சி, ஆடாமல் பாடினாள். 25 டாலர் பரிசையும் வென்றாள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகி அவரே. ‘நடனம்’ என்று பெயர் கொடுத்துவிட்டுப் பாடினால் நம் தாள் அவருக்கு என்ன இட்டிருக்கும்?

நம் நாட்டு ஸ்பெஷல் நாடகங்களிலும் மக்களே நடுவர்கள். வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே கூடி விடியும் வரை நடிப்பார்கள். பபூனின் நகைச்சுவை பிடித்துவிட்டால், இரசிகர் அங்கேயே அன்பளிப்பு வழங்குவார். அது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். ஆயினும் கூட்டமும் தவறாத நடுவரன்று. இரவில் கைதட்டியவர்களே மறுநாள் காலை ‘கூத்தாடிதானே’ என்று ஏளனம் செய்ததும் உண்டு. மேலும், தெரிந்த சினிமாப் பாட்டுக்கும் சொந்தக்காரப் பிள்ளைக்கும் கை தானாகவே தட்டும் என்பதை நாம் அறிவோம்.

ஆதலின், தாளும் வேண்டும். தாளைத் தாண்டிப் பார்க்கும் கண்ணும் வேண்டும். அன்றிலிருந்து நடுவராக அழைக்கப்படும்போதெல்லாம் நாம் மூன்று செய்கிறோம். முதலாவது, நிகழ்ச்சிப் பட்டியலை முன்னரே கேட்டு வாங்கி, எவருக்குப் பொருந்தாத கட்டம் தாளில் உள்ளது என்று பார்த்து, அதை மேடையேற்றத்துக்கு முன்பே திருத்தச் சொல்கிறோம். நிகழ்ச்சி முடிந்தபின் திருத்துவது நீதியாகாது. இரண்டாவது, வாடகை உடைக்குப் பணமில்லாத பிள்ளை அதனால் மதிப்பெண் இழக்காதபடி ஒப்பனைக் கட்டத்தைச் சுருக்குகிறோம். மூன்றாவது, பரிசு பெறாத பிள்ளைகளிடமும் அவர்கள் நன்றாகச் செய்த ஒன்றைப் பெயர் சுட்டிச் சொல்கிறோம். ‘எல்லாரும் நன்றாகச் செய்தீர்கள்’ என்பது எவருக்கும் சொல்லப்படாத சொல்.

பெற்றோரே, நம் இல்லங்களிலும் ஒரு மதிப்பெண் தாள் உண்டு. படிப்பு, பேச்சு, சுறுசுறுப்பு எனக் கட்டங்கள் போட்டு நம் பிள்ளைகளை நாள்தோறும் அளக்கிறோம். பேசாத பிள்ளைக்கு அங்கே என்ன இடுகிறோம்? இன்றிரவு அவன் முகத்தைச் சற்று உற்றுப் பார்ப்போமாக. துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொண்டிருக்கலாம்.