ஐநூறோடு நிறுத்தியது யார்?

“கோடிக்கணக்கில் கொடுத்து வாங்க ஆள் இருக்கும்போது, 500 காரோடு எதற்கு நிறுத்துகிறார்கள்? தட்டுப்பாடு காட்டி விலையேற்றும் வேலைதானே?” என்று பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பல கார்களுக்கு அவருடைய சந்தேகம் அப்படியே பொருந்தும். வழக்கமான காருக்கு வேறு வண்ணம் பூசி, உள்ளே எண் பொறித்த தகடு ஒன்றை ஒட்டி, ‘உலகத்துக்கே இத்தனைதான்’ என்று அறிவிப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். ஆனால் சில கார்களில் அந்த எண் விளம்பரத் துறையில் பிறப்பதில்லை, பட்டறையில் பிறக்கிறது. அதைப் புரிந்துகொள்ள டொயோட்டா நிறுவனம் லெக்ஸஸ் என்ற பெயரில் செய்த எல்எஃப்ஏ நல்ல உதாரணம்.

2009 அக்டோபரில் டோக்கியோ கார் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தினார்கள். அமெரிக்க விலை 3,75,000 டாலர். ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் டொயோட்டா நகரிலுள்ள மோட்டோமாச்சி ஆலையில் 2010 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது, 2012 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 500 கார்கள். மாதத்துக்கு 20 என்று திட்டமிட்டிருந்தார்கள். இருபதை இருபத்தைந்து மாதங்களால் பெருக்கினால் ஐநூறு. விளம்பரங்கள் 500 என்ற எண்ணைத்தான் பேசின. என்னைக் கேட்டால், பேசவேண்டிய எண் 20.

மாதத்தில் வேலை நாட்கள் ஏறக்குறைய இருபது. ஆக, நாளுக்கு ஒரு கார். கார் ஆலைகளில் ‘டாக்ட் நேரம்’ என்று ஒரு கணக்கு உண்டு. வேலைக்குக் கிடைக்கும் நேரத்தை, அந்த நேரத்துக்குள் வேண்டிய கார்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. வெகுஜனக் கார்களின் வரிசையில் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒரு கார் வெளியே வரும். எட்டு மணி நேர வேலைநாளில் ஒரே ஒரு கார் என்றால் டாக்ட் 480 நிமிடம். நிமிடக் கணக்கில் ஓடும் வரிசையில் ஒரு தொழிலாளி நாள் முழுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். 480 நிமிடக் கணக்கில் அவர் ஒரு நீண்ட வேலையின் முழு வரிசையையும் மனதில் வைத்திருக்க வேண்டும். எல்எஃப்ஏவின் பத்து சிலிண்டர் எஞ்சினை ஒருவரே தொடக்கம் முதல் கடைசிவரை பூட்டி, அதன்மேல் தன் கையெழுத்தையும் போட்டார். அந்த வேகத்தில் அப்படியொரு வேலைமுறை எளிதில் பொருந்தும்.

ஏன் இவ்வளவு மெதுவாக? பதில் அச்சில் இருக்கிறது. வழக்கமான காரின் கதவையும் கூரையையும் எஃகுத் தகட்டிலிருந்து ராட்சத அழுத்து இயந்திரங்கள் அச்சுகளைக் கொண்டு சில நொடிகளில் அழுத்தி எடுத்துவிடும். ஆனால் அந்த அச்சுகளின் விலை மிகப் பெரியது. கணக்குக்காக ஒரு காரின் மொத்த அச்சுகளும் 100 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் கார்கள் செய்தால் ஒரு காரின் தலையில் விழும் அச்சுச் செலவு 2,000 ரூபாய். 500 கார்களோடு நிறுத்தினால் 20 லட்சம் ரூபாய். ஆகவே குறைவாகச் செய்பவர், அச்சு மலிவாகவும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஆகும் கைவேலை அதிகமாகவும் உள்ள முறையைத் தேடிப் போகிறார். கார்பன் இழை அப்படிப்பட்டது. எல்எஃப்ஏ திட்டத்தில் முதலில் அலுமினிய உடலைத்தான் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் அதைக் கைவிட்டு, உடல் எடையில் 65 சதவீதம் கார்பன் இழைக் கலவை, மீதி அலுமினியம் என்று மாற்றினார்கள். சுமார் 100 கிலோ மிச்சமானது. எத்தனை கார் என்பது பொருளைத் தீர்மானிக்கிறது, பொருள் திரும்ப வந்து எத்தனை கார் என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கார்பன் வேலையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எபாக்சி பிசினை முன்பே ஊட்டிய கார்பன் துணிக்கு ‘பிரீபிரெக்’ என்று பெயர். அறை வெப்பத்திலேயே பிசின் மெல்ல இறுகத் தொடங்கிவிடும் என்பதால் அதை மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்தால் இத்தனை நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்று கெடு உண்டு. தொழிலாளி அதை வெட்டி, இழை ஓடும் திசை பார்த்து, ஒரு அடுக்கு நேராக, அடுத்தது 45 பாகை சாய்வாக என்று அச்சின்மேல் கையால் படியவைக்கிறார். உள்மூலைகளில் துணி அச்சைத் தொடாமல் அந்தரத்தில் நின்றுவிடக் கூடாது. நின்றால் அந்த இடைவெளியில் வெறும் பிசின் தேங்கும், உறுப்பு அங்கேதான் உடையும். எனவே ஒவ்வொரு மூலையையும் விரலால் தேய்த்துத் தேய்த்து அமுக்குகிறார். அடுக்கி முடித்ததும் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, ‘ஆட்டோகிளேவ்’ என்ற பெரிய உருளைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவார்கள். உள்ளே வளிமண்டலத்தைப்போல் ஆறேழு மடங்கு அழுத்தம். வெப்பம் 120 முதல் 180 டிகிரி வரை.

உருளைக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூடு ஏறும்போது பிசின் உடனே இறுகாது. முதலில் இளகி நீர்த்துப்போகும். அந்த நேரத்தில் அது இழைகளுக்கிடையே ஊடுருவ வேண்டும், சிக்கிக்கொண்ட காற்றுக்குமிழிகள் வெளியேற வேண்டும். இன்னொரு பக்கம், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்பு போட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு கட்டத்தில் பிணைப்பு முந்திக்கொள்ள, பிசின் கூழாகிக் கெட்டிப்படுகிறது. அதற்குப் பிறகு குமிழி நகர முடியாது. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால், குமிழி வெளியேறுமுன் பிசின் கெட்டிப்பட்டுவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பிணைப்பு வினையே வெப்பத்தை வெளியிடும். அடுக்குகளின் தடிமன் வழியாக வெப்பம் எளிதில் கடந்து போகாததால், தடித்த இடங்களின் உட்பகுதி வெளியைவிடச் சூடாகிச் சீர்கெடும். ஆகவே மெல்ல ஏற்றி, நிறுத்திவைத்து, மெல்ல இறக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். ஆளுக்கு ஓவர்டைம் கொடுக்கலாம், வேதிவினைக்குக் கொடுக்க முடியாது.

குழிப்பணியாரம் சுடும் வீட்டில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். கல்லில் ஏழு குழி. அண்டா நிறைய மாவு இருக்கலாம், உதவிக்கு நாலு பேர் நிற்கலாம். கல் ஒரு ஈடுக்கு ஏழுதான் தரும். தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே மாவாக இருக்கும். தடித்த கார்பன் உறுப்பிலும் கெடுதல் நடுவில்தான். ஒவ்வொரு ஈடுக்கும் குழியில் எண்ணெய் விடாவிட்டால் பணியாரம் ஒட்டிக்கொள்ளும். கார்பன் அச்சுக்கும் ஒவ்வொரு முறையும் ஒட்டாமலிருக்கப் பூச்சு வேண்டும். புதுக் கல் பழகும்வரை முதல் ஈடுகள் பிய்ந்துபோகும். புது அச்சின் முதல் உறுப்புகளும் சோதனைக்கே போகும். சரி, இன்னொரு கல் வாங்கலாமே? வாங்கலாம். ஆனால் இன்னொரு அடுப்பும், நேரம் பார்த்துத் திருப்பிவிடக் கைப்பழக்கமுள்ள இன்னொருவரும் வேண்டும். விருந்து முடிந்த மறுநாள் அந்தக் கல் பரணுக்குப் போய்விடும். எத்தனை விருந்தாளிகள், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை கல் வைப்பது என்று சொல்ல முடியும். கார்த் திட்டமும் அதேதான். வாங்குபவர் இரண்டு வருடம் பொறுப்பார். அதற்குமேல் இழுத்தால் வண்டியே பழசாகிவிடும். அந்த இரண்டு வருடத்துக்குள் வைத்திருக்கும் அச்சும் ஆளும் எத்தனை ஈடு எடுக்க முடியுமோ, அதுதான் மொத்த எண்ணிக்கை.

நல்ல திட்டமிடுபவர் இந்த மெதுவான வேலையைக் கார் முழுக்கப் பரப்பமாட்டார். எல்எஃப்ஏவில் மூன்று முறைகளைப் பங்கிட்டார்கள். ஆட்கள் உட்காரும் கூடு மோதலைத் தாங்க வேண்டும். அதற்கு மட்டும் பிரீபிரெக்கும் ஆட்டோகிளேவும். தரைப்பகுதி, கூரை, முன்மூடி ஆகியவற்றுக்கு உலர்ந்த துணியை மூடிய அச்சுக்குள் வைத்துப் பிசினைச் செலுத்தும் முறை. அது இன்னும் விரைவானது. பின்தூண் போன்ற இடங்களுக்குத் துண்டு இழை கலந்த பிசின் தகட்டைச் சூடாக அழுத்தி வார்க்கும் முறை. அது நிமிடங்களில் முடியும். பொறுமை எங்கே அவசியமோ அங்கே மட்டும் அதைச் செலவழித்த பங்கீடு இது. முன்கண்ணாடியை ஒட்டிய தூண்களுக்கு வட்டத் தறி ஒன்றையே உருவாக்கி, கார்பன் நூலை உருளை வடிவில் நெய்தார்கள். டொயோட்டாவின் பூர்வீகமே தறிதான். சகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறி நிறுவனம் 1926இல் தொடங்கியது, கார் பிறகுதான் வந்தது.

பழைய கதையை ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம். 1980களில் ‘குரூப் பி’ பந்தயத்தில் ஓட 200 கார்கள் செய்து காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் குறைந்தபட்சமே சில கார்களின் எண்ணிக்கையை வரையறுத்தது. அந்த விதியை நோக்கிப் பிறந்த ஃபெராரி 288 ஜிடிஓ 272 கார்களோடு நின்றது. அதற்கடுத்த எஃப்40க்கு 400 என்று திட்டமிட்டு, கிராக்கியைப் பார்த்து 1,300க்கும் மேல் செய்தார்கள். மெக்லாரன் எஃப்1க்கு 300 என்று நினைத்தார்கள், 106தான் செய்யப்பட்டது. அறிவித்த எண்ணும் செய்த எண்ணும் பொருந்தும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

அதேபோல், ‘குறைவாகச் செய்தால் மதிப்பு தானாக ஏறும்’ என்ற பேச்சையும் நான் நம்புவதில்லை. உற்பத்தி முடிந்து ஐந்து வருடம் கழித்து, 2017இலும், அமெரிக்க விற்பனையகங்களில் சில எல்எஃப்ஏக்கள் விற்காமல் புதிதாகவே நின்றிருந்தன. பிறகு விலை ஏறியது உண்மைதான். ஆனால் இடையில் 500 என்ற எண் மாறவில்லை. மாறியது வாங்குபவர்களின் மனம். முதலீட்டு ஆலோசனை என்ற பெயரில் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’களை விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

எல்எஃப்ஏ கட்டிய அதே பட்டறையில் 2014இன் இறுதியில் ஹைட்ரஜனில் ஓடும் மிராய் காரைக் கட்டத் தொடங்கினார்கள். முதலில் 2015க்கு 700, பிறகு 2016க்கு 2,000, 2017க்கு 3,000 என்று படிப்படியாக உயர்த்தத் திட்டமிட்டார்கள். தேவை பெருகும் என்று எதிர்பார்த்த காருக்கு எண்ணை ஏறவிட்டார்கள். தேவையின் எல்லை தெரிந்த காருக்கு எண்ணை முன்பே பூட்டினார்கள். இரண்டும் திட்டமிடல்தான்.

ஆக, கேள்வி கேட்ட மாணவருக்கு என் பதில் இது. ‘இத்தனை மட்டுமே’ என்று எந்தக் காரைப் பற்றிப் படித்தாலும், நாளை இன்னொரு ஷிப்டு போட்டால் இந்த எண் இரட்டிப்பாகுமா என்று பாருங்கள். ஆகும் என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது, அது விற்பனைத் தந்திரம். ஆகாது, ஏதோ ஒரு பிசின் இறுகக் காத்திருக்க வேண்டும், ஏதோ ஒரு கை பழகக் காத்திருக்க வேண்டும் என்றால், அந்த எண் பொறியாளர் நேர்மையாகப் போட்ட கணக்கு. அதை மதிக்கலாம்.